நாணயம், தபால்தலை, ஓவியம், சிலை: அப்பாவின் சேகரிப்பைப் பாகம் பிரிக்கும்போது எழும் கேள்விகள்

வீட்டுக்குப் பத்திரம் இருக்கிறது, வங்கிப் பணத்துக்குக் கணக்குப் புத்தகம் இருக்கிறது. பீரோவின் மேல்தட்டில் இருக்கும் நாணய ஆல்பத்துக்கு எந்தக் காகிதமும் இல்லை. அதனால் பல குடும்பங்களில் அது பாகப்பிரிவினைப் பேச்சுக்கே வருவதில்லை. அல்லது துக்கம் கேட்க வந்த வீட்டிலேயே ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சேகரிப்புக்கு மதிப்பைத் தருவதே அதன் ஒழுங்கும், எது எங்கிருந்து வந்தது என்ற விவரமும்தான். அந்த இரண்டும் போனால் பிரிப்பதற்கு மிஞ்சுவது பழைய உலோகமும் காகிதமும் மட்டுமே. தமிழ்நாட்டுக் குடும்பங்களை மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

அப்பா உயில் எழுதவில்லை. அவருடைய சேகரிப்பு யாருக்குச் சேரும்?

அது அவர் தம் சம்பாத்தியத்தில் வாங்கியதாக இருந்தால் சுயார்ஜிதச் சொத்து. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் தாய் ஆகிய எல்லோருக்கும் சமபங்கு. முன்பே இறந்துபோன மகனோ மகளோ இருந்தால் அவருடைய குடும்பத்துக்கு ஒரு பங்கு. இதில் அடிக்கடி விட்டுப்போகிறவர் பாட்டி. பேரப்பிள்ளைகள் பங்கு பேசும் கூடத்தில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் அவருக்கும் ஒரு முழுப் பங்கு உண்டு.

கிறிஸ்தவக் குடும்பமென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. இஸ்லாமியக் குடும்பத்தில் அடக்கச் செலவும் கடனும் போக, பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒன்று. மகளுக்கு மகனின் பங்கில் பாதி. எந்தச் சட்டம் பொருந்தினாலும் சேகரிப்புக்கென்று தனி விதி கிடையாது. அசையும் சொத்தில் அதுவும் ஒன்று, அவ்வளவே.

அம்மாவின் நகையும், அவர் தம் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த தஞ்சாவூர்ப் படமும் அப்பாவின் சொத்தில் சேராது. அது அம்மாவுக்கே முழு உரிமையான சொத்து. அவர் இருக்கும்போது பங்கு பேசவே இடமில்லை.

சின்ன வயதிலிருந்து அப்பாவோடு உட்கார்ந்து நான்தான் அடுக்கினேன். எனக்குக் கூடுதல் உரிமை உண்டா?

சட்டத்தில் இல்லை. ஒரு வாரிசுக்கு முன்னுரிமை தரும் பிரிவு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது அசையாச் சொத்துக்கும் தொழிலுக்கும்தான். உங்கள் பணத்தில் வாங்கியவை உங்களுடையவை. ரசீது, பணம் அனுப்பிய பதிவு, உங்கள் பெயருக்கு வந்த பார்சல் உறை ஆகியவை அதற்குச் சான்று. அப்பா உயிரோடு இருக்கும்போதே கையில் கொடுத்து, நீங்கள் எடுத்துச் சென்றதும் உங்களுடையதே. அசையும் பொருளைத் தானமாகக் கொடுக்கப் பத்திரம் தேவையில்லை, ஒப்படைத்தால் போதும். “இதெல்லாம் உனக்குத்தான்டா” என்று சொல்லிவிட்டுத் தம் பீரோவிலேயே வைத்திருந்தால் அது தானம் ஆகாது.

அந்த உழைப்புக்குக் குடும்பம் மரியாதை செய்ய விரும்பினால், முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமையை உங்களுக்குத் தரலாம். அது மற்றவர்கள் மனமுவந்து தருவது, கேட்டு வாங்கக்கூடியதல்ல.

உயிலில் “என் நாணயச் சேகரிப்பு மூத்த மகனுக்கு” என்று ஒரே வரி இருக்கிறது. லாக்கரில் உள்ள 40 சவரன் தங்கக் காசுகள் அதில் சேருமா?

சண்டை வரும் இடம் இதுதான். ஆண்டுவாரியாக ஆல்பத்தில் அடுக்கி, குறிப்பு எழுதி வைத்த விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ் காலத்துச் சவரன்கள் சேகரிப்பு. துணிப்பையில் கட்டி, மகள் கல்யாணத்துக்கென்று வைத்தவை சேமிப்பு. எங்கே, எப்படி, எதனோடு வைத்திருந்தார் என்பதை வைத்துத்தான் அவருடைய எண்ணத்தைச் சொல்ல முடியும். பொருள்களை இடம் மாற்றுவதற்கு முன் படம் எடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். உயில் எழுதுகிறவர்கள் ஆல்பத்தின் எண்ணையும் அது இருக்கும் இடத்தையும் எழுதி, பட்டியல் ஒன்றை இணைத்துவிட்டால் இந்தக் கேள்விக்கே வேலையில்லை.

லாக்கருக்கு நான்தான் நாமினி. உள்ளே இருப்பது எனக்குத்தானே?

இல்லை. பொருளை வங்கியிடமிருந்து பெற்றுக்கொள்ள உரிமை உள்ளவர்தான் நாமினி. பெற்றதை வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவரும் அவரே. வங்கி லாக்கரைத் திறக்கும்போது சாட்சிகள் முன்னிலையில் பட்டியல் எடுப்பார்கள். ஆனால் ஒட்டி மூடிய பொட்டலங்களைப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். “மூடிய உறை 3” என்றுதான் எழுதுவார்கள். அதனால் மற்ற வாரிசுகளையும் அழைத்துக்கொண்டு போய், வெளியே வந்ததும் எல்லோர் முன்னிலையிலும் அந்த உறைகளைத் திறந்து எண்ணி எழுதுங்கள்.

நீதிமன்றம் வழங்கும் வாரிசுரிமைச் சான்று கடன்களுக்கும் பங்குப்பத்திரங்கள் போன்றவற்றுக்கும்தான். நாணய ஆல்பத்துக்காக அதற்கு அலைய வேண்டாம். தாசில்தார் தரும் வாரிசு சான்றிதழ், யார் யார் வாரிசு என்பதைக் காட்டப் போதுமானது.

முதலில் என்ன செய்ய வேண்டும்?

எதையும் துடைக்காதீர்கள். புளி, விபூதி, பல்பொடி என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் நாணயத்தின் மேற்பரப்பு போய்விடும். காலத்தால் படிந்த நிறத்தையே வாங்குகிறவர் பார்க்கிறார். பளபளப்பாக்கிய வெள்ளி ரூபாயை வெள்ளி எடைக்குத்தான் கேட்பார்கள். ஆல்பத்தில் ஒட்டிய தபால்தலையைப் பிய்த்தால் பின்புறப் பிசின் சேதமாகும். பயன்படுத்தாத தலைக்குப் பிசின் முழுதாக இருப்பதே விலை. தபால்தலை வெளியான நாளின் முத்திரை குத்திய ‘முதல் நாள் உறை’யிலிருந்து தலையை மட்டும் ஆவி காட்டி எடுப்பதும் அப்படியே நட்டம்.

பிறகு பட்டியல். குறைந்தது இரண்டு வாரிசுகள் உடன் இருக்க வேண்டும். அறையை, பீரோவை, தட்டை, ஆல்பத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் இருந்தது இருந்தபடி முதலில் படம் எடுங்கள். அடுத்து, தனித்து மதிப்புள்ள ஒவ்வொரு பொருளையும் இருபுறமும், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். நாணயத்தைப் பருத்திக் கையுறையோடு விளிம்பில் பிடித்து, 0.01 கிராம் வரை காட்டும் தராசில் எடை போடுங்கள். பட்டியலின் ஒரு வரி இப்படி இருக்கட்டும்: “ஆல்பம் 2, பக்கம் 14, மேல்வரிசை மூன்றாவது. வெள்ளி ஒரு ரூபாய், 1862, விக்டோரியா. 11.62 கிராம். உறையில் அப்பாவின் கையெழுத்து: மதுரை, 1971.” அந்தக் கையெழுத்துள்ள உறையைத் தூக்கிப் போடாதீர்கள். ரசீதுகள், வியாபாரிகளின் கடிதங்கள், பழைய ஏலப் பட்டியல்கள் எல்லாம் சேகரிப்பின் பகுதிதான். பின்னால் வரியிலும் உரிமைச் சிக்கலிலும் உங்களைக் காப்பாற்றுவது அவைதான்.

எடை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். 1940 முதல் வெள்ளியின் அளவை 91.7 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாகக் குறைத்தபோதும் எடை மாறவில்லை. 1939ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் ரூபாய் மிக அரிது என்பதால், 1938 நாணயத்தின் கடைசி எண்ணைத் திருத்திச் செய்த போலிகள் உண்டு.

கடைசியாக, பாதுகாப்பு. மெல்லிய பிவிசி உறைகளில் கிடந்த செம்பு நாணயங்களில் பச்சைப் பிசுபிசுப்பு ஏறியிருந்தால் வேறு உறைக்கு மாற்றி, உறையின் குறிப்பையும் கூடவே மாற்றுங்கள். சென்னை, நாகை போன்ற கடலோர ஊர்களில் தபால்தலை ஆல்பங்களைச் சுவரை ஒட்டிய அலமாரியில் விடக்கூடாது. ஒரு மழைக்காலம் போதும், பழுப்புப் புள்ளி விழுந்துவிடும். ஆல்பங்களைப் படுக்கவைக்காமல் நிறுத்தி வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் பூட்டி, சாவியை ஒருவரிடமும் பட்டியலை எல்லோரிடமும் கொடுத்துவிடுங்கள்.

மதிப்பை யார் சொல்வது? ஆளுக்கு ஒரு விலை சொல்கிறார்களே?

சொல்கிறவர்கள் பெரும்பாலும் வெவ்வேறு விலைகளைச் சொல்கிறார்கள், பொய் சொல்வதில்லை. அட்டவணைப் புத்தக விலை ஒன்று. தபால்தலையில் விற்றுக் கைக்கு வருவது அதில் ஒரு சிறு பகுதியே. வியாபாரி உடனே பணம் கொடுத்து வாங்கும் விலை ஒன்று. ஏலத்தில் எதிர்பார்க்கும் விலை ஒன்று. அதில் ஏல நிறுவனத்தின் கழிவு (கமிஷன்) போகும். இழந்தால் திரும்ப வாங்க ஆகும் காப்பீட்டு விலை இன்னொன்று; அது எப்போதும் உயரத்தில் நிற்கும். அண்ணனுக்குப் போகும் நாணயங்களை வியாபாரி விலையிலும் தங்கைக்குப் போகும் ஓவியத்தைக் காப்பீட்டு விலையிலும் போட்டால் கணக்கு சமமாகத் தெரியும், தங்கை ஏமாந்திருப்பார். எல்லாப் பொருளுக்கும் ஒரே அடிப்படை, ஒரே தேதி என்பதை முதலில் எழுதி ஒப்புக்கொள்ளுங்கள். எங்கள் பரிந்துரை, கழிவு போக ஏலத்தில் கைக்கு வரக்கூடிய விலை.

மதிப்பிடுகிறவரே வாங்குகிறவராக இருக்கக் கூடாது. இதை எந்தக் காரணத்துக்காகவும் தளர்த்தாதீர்கள். மதிப்பிடுவதற்குச் சம்பளம் கொடுங்கள், மதிப்பில் இத்தனை சதவீதம் என்று பேசாதீர்கள். பெரிய பொருள்களுக்கு இரண்டு மதிப்பீடு வாங்கி, இடைவெளி அதிகமென்றால் மூன்றாவது ஆளைப் பாருங்கள். 2,000 ரூபாய் பெறாத உதிரிகளை ஒவ்வொன்றாக மதிப்பிட வேண்டாம். கட்டுகட்டாகச் சேர்த்து விலை போட்டால் போதும், மதிப்பீட்டுக் கூலியே மதிப்பைத் தின்றுவிடக் கூடாது.

பங்கிடும் முறை என்ன?

விற்றுப் பணத்தைப் பிரிப்பது கணக்குக்கு எளிது. ஆனால் வாரிசுகளில் ஒருவருக்காவது அதில் ஆசை இருந்தால் விற்பனையை முதல் வழியாக எடுக்காதீர்கள். மூன்று வழிகள் நன்றாக நடக்கின்றன.

ஒன்று, ஒருவர் முழுவதையும் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணமாகவோ வேறு சொத்தில் கூடுதலாகவோ ஈடு செய்வது. சேகரிப்பு உடையாமல் நிற்கும் வழி இதுதான்.

இரண்டு, முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது. யார் முதல் என்பதற்குச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். நால்வர் என்றால் 1, 2, 3, 4 என்று போய், அடுத்த சுற்றில் 4, 3, 2, 1 என்று திரும்ப வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றாம் ஆளே தொடங்கினால் நல்லதெல்லாம் அவரிடமே சேரும். முடிவில் ஒவ்வொருவர் எடுத்ததன் மதிப்பைக் கூட்டி, வித்தியாசத்தைப் பணமாக நேர் செய்யுங்கள்.

மூன்று, பலரும் ஆசைப்படும் ஒரே பொருளுக்கு மூடிய சீட்டு. மூன்று பேர் ஓர் ஓவியத்துக்குத் தமக்குச் சரியென்று படும் மதிப்பை எழுதிப் போடுகிறார்கள்: மூத்தவர் 9 லட்சம், இரண்டாமவர் 6 லட்சம், இளையவர் 7.5 லட்சம். ஓவியம் மூத்தவருக்கு. அவர் தம் மதிப்பில் மூன்றில் ஒன்றான 3 லட்சத்தைக் கழித்து 6 லட்சம் பொதுவில் வைக்கிறார். அதிலிருந்து இரண்டாமவர் தம் மதிப்பில் மூன்றில் ஒன்றான 2 லட்சத்தையும் இளையவர் 2.5 லட்சத்தையும் எடுக்கிறார்கள். மிச்சம் 1.5 லட்சத்தை மூவரும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 50,000. முடிவில் மூத்தவர் கையிலிருந்து போவது 5.5 லட்சம், இரண்டாமவருக்கு வருவது 2.5, இளையவருக்கு 3 லட்சம். ஒவ்வொருவருக்கும் தாம் நினைத்த பங்கைவிடக் கொஞ்சம் கூடவே கிடைக்கிறது. மூவர் சீட்டையும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும் என்பதும், பணம் கட்டத் தேதி குறிக்க வேண்டும் என்பதும் இதில் முக்கியம்.

ஒரு வரிசையை ஆளுக்கொன்றாகப் பிரிக்கலாமா?

வேண்டாம். 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளியான காந்தி தபால்தலைகள் நான்கு: ஒன்றரை அணா, மூன்றரை அணா, 12 அணா, 10 ரூபாய். நான்கு பிள்ளைகள், நான்கு தலைகள் என்று பிரித்தால் மதிப்பில் பெரும்பகுதி 10 ரூபாய்த் தலை எடுத்தவரிடம் போய்விடும். மற்ற மூவரிடமும் குறைப்பட்ட வரிசை மிஞ்சும். வரிசை, ஜோடி, ஒரே ஆண்டின் முழு இதழ்த் தொகுதி, பெட்டியோடு உள்ள பொருள் ஆகியவற்றைப் பட்டியலில் ஒரே எண்ணாகப் போட்டுவிடுங்கள்.

பழைய நூல்களுக்கு இது இன்னும் பொருந்தும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தேடிச் சேர்த்த நூல்களும் இதழ்களும் அவர் 1992இல் மறைந்த பிறகு சிதறியிருந்தால் இன்று பெயர்கூட இருக்காது. சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தமாக வாங்கியதால், 1994 முதல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. குடும்பத்துக்குப் பணமும் வந்து நூல்களும் ஒன்றாக இருக்கும் வழி உண்டு என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. ஓலைச்சுவடிகள் இருந்தால் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தையோ தஞ்சை சரசுவதி மகாலையோ கேட்காமல் ஒரு கட்டைக்கூடப் பிரிக்காதீர்கள். கயிற்றை அவிழ்த்துப் பங்கிட்டால் ஏட்டு வரிசை கலையும், நூலே போய்விடும்.

நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருள் என்றால் அரசு எடுத்துக்கொள்ளுமா?

வைத்திருப்பது குற்றமில்லை, வாரிசாகப் பெறலாம், இந்தியாவுக்குள் விற்கவும் செய்யலாம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள், கலைச்செல்வங்கள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த பொருள் தொல்பொருள். மதிப்புமிக்க சுவடிகளுக்கு 75 ஆண்டு. கல், சுடுமண், உலோகம், தந்தம், மரம் ஆகியவற்றில் செய்த சிற்பங்கள், ஓவியங்கள், படம் வரைந்த சுவடிகள் ஆகியவற்றைப் பதிவு செய்திருக்க வேண்டும். அப்பாவின் பதிவுச் சான்றையும் அதனோடு உள்ள புகைப்படத்தையும் தேடி எடுங்கள். பாகத்தில் யாருக்குப் போகிறதோ அவர் பெயருக்கு மாறியதைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவே இல்லையென்றால் பிரிப்பதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள். விற்பதானால் உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஏல நிறுவனத்திடமோ போவது நல்லது.

அமெரிக்காவில் இருக்கும் தம்பி தன் பங்கை எடுத்துப் போகலாமா?

தொல்பொருளாக இருந்தால் முடியாது. 100 ஆண்டு கடந்த நாணயத்துக்கும் இது பொருந்தும். ரவி வர்மா, அம்ரிதா ஷெர்கில், ஜாமினி ராய், ரவீந்திரநாத் தாகூர், நந்தலால் போஸ் உள்ளிட்ட ஒன்பது ஓவியர்களின் படைப்புகளுக்கு வயதே கணக்கில்லை. அவற்றை வெளியே கொண்டுபோகக் கூடாது. பழையவற்றை இங்கிருப்பவர்களுக்கும், புதியவற்றையும் பணத்தையும் தம்பிக்கும் ஒதுக்குங்கள். பெட்டியில் துணிக்கடியில் வைத்து அனுப்பும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பூஜை அறையில் ஒரு பழைய ஐம்பொன் சிலை இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

அதைப் பட்டியலில் தனியாக நிறுத்தி வையுங்கள், விலை போடாதீர்கள். கோயிலிலிருந்து திருடப்பட்டதாக இருந்தால் அப்பாவுக்கே அதில் உரிமை இல்லை. எத்தனை கை மாறினாலும் வாரிசுக்கும் வராது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டுக் கோயில் சிலைகளைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே படமெடுத்து வைத்திருக்கிறது; வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்குப் போன சிலைகளே அந்தப் படங்களால் அடையாளம் காணப்பட்டன. ஒரு வழக்கறிஞரோடு போய், சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு நீங்களாகவே எழுதிக் கொடுப்பது நல்லது. விற்கப் போன இடத்தில் பிடிபடுவது வேறு விஷயம்.

யானைத் தந்தம், புலித்தோல், பழைய துப்பாக்கி?

தந்தமும் தோலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும். உரிமைச் சான்று உள்ளதை வாரிசாகப் பெறலாம். 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும். விற்கவே முடியாது. ஆகவே பங்குக் கணக்கில் அதற்கு மதிப்பு சுழியம். “அண்ணனுக்கு ஐந்து லட்சம் பெறும் தந்தம் போனது” என்று எழுதுவது தவறு. துப்பாக்கி உரிமம் அப்பாவோடு முடிந்துவிட்டது. உடனே காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டுப் பிறகு பேசுங்கள்.

நோட்டுச் சேகரிப்பில் செல்லாத 500, 1000 ரூபாய்த் தாள்கள் இருக்கின்றன.

2016இல் செல்லாமல் ஆக்கப்பட்டவற்றை ஒருவர் மொத்தம் 10 தாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது; நாணயவியல், ஆய்வு நோக்கத்துக்கென்றால் 25 வரை. மீறினால் அபராதம் 10,000 ரூபாய் அல்லது முகமதிப்பின் ஐந்து மடங்கு, இதில் எது அதிகமோ அது. எண்ணிப் பாருங்கள்.

கொல்லையில் தோண்டும்போது கிடைத்த பானைக் காசுகளும் பாகத்தில் சேருமா?

சேராது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

வரி உண்டா?

வாரிசாகப் பெறும்போது இல்லை. மரண வரி 1985இலேயே நீக்கப்பட்டுவிட்டது. விற்கும்போதுதான் வரும். நகை, ஓவியம், சிற்பம், கலைப்படைப்பு, தொல்லியல் சேகரிப்பு ஆகியவற்றுக்கு “சொந்த உபயோகப் பொருள்” என்ற விலக்கு கிடையாது. தங்கக் காசுகளைப் பூஜையில் வைத்தோம் என்று சொல்லி விலக்குக் கேட்ட முன்னாள் மன்னர் ஒருவரின் வாதத்தை உச்ச நீதிமன்றம் 1976இல் ஏற்கவில்லை.

கணக்கு இப்படி. அப்பா 1985இல் 5,000 ரூபாய்க்கு வாங்கிய ஓவியம். 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியதென்பதால் அன்றைய சந்தை மதிப்பை அடக்கவிலையாக எடுக்கலாம். மதிப்பீட்டாளர் 60,000 என்கிறார். நீங்கள் 4,60,000க்கு விற்றால் ஆதாயம் 4,00,000. நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதம் என்றால் 50,000, அதன்மேல் 4 சதவீதக் கூடுதல் தீர்வை 2,000. அப்பா வைத்திருந்த காலமும் உங்கள் கணக்கில் சேரும் என்பதால், போன மாதம் வாரிசாகப் பெற்றதை இந்த மாதம் விற்றாலும் நீண்டகாலமே. பங்கிடும்போது இதை மறக்காதீர்கள்: விற்கப்போகிறவருக்கு ஒதுக்கும் ஓவியத்தின் மதிப்பில் வரவிருக்கும் வரியும் உள்ளே இருக்கிறது.

எழுதிப் பதிய வேண்டுமா?

அசையும் பொருள் மட்டுமென்றால் பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் கூர்ச்சீட்டு (பாகம் பிரித்ததைக் குறிக்கும் எழுத்து) ஒன்று எழுதுங்கள். பட்டியல் எண், படம், மதிப்பின் அடிப்படை, யாருக்கு எது, ஈட்டுத் தொகை எவ்வளவு, எப்போது வங்கி வழியாகக் கட்டப்பட்டது ஆகியவை இருக்க வேண்டும். பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் எல்லோரும் கையெழுத்திட வேண்டும், இரண்டு சாட்சிகளோடு. வீடும் சேர்ந்த ஒரே பத்திரமென்றால் முத்திரைத்தாள், பதிவு எல்லாம் வரும். 18 வயது ஆகாத வாரிசு இருந்தால் அவர் பங்கை விட்டுக்கொடுத்து யாரும் கையெழுத்திடாதீர்கள். வயதுக்கு வந்ததும் அவர் எதிர்த்துக் கேட்கலாம்.

அண்ணன் ஏற்கெனவே சிலவற்றை எடுத்து விற்றுவிட்டார். என்ன செய்வது?

விற்றதன் மதிப்பை அவருடைய பங்கில் வரவு வைத்துக் கணக்கு முடிப்பதே முதல் வழி. பெரும்பாலும் பெரியவர் ஒருவர் முன்னிலையில் இது நடந்துவிடும். அவர் சொல்லும் விற்பனை விலை நம்பும்படி இல்லையென்றால் பழைய படங்களை வைத்து மதிப்பிடச் சொல்லுங்கள். கல்யாணப் படத்தின் பின்புறச் சுவரில் தொங்கும் ஓவியம்கூடச் சான்றுதான். பேச்சு நடக்கவில்லையென்றால் வழக்கறிஞர் அறிவிப்பு, பிறகு பாகப்பிரிவினை வழக்கு. வழக்கோடு சேர்த்தே இரண்டு மனுக்கள் போடச் சொல்லுங்கள்: மீதியை விற்கத் தடை கேட்டு ஒன்று, வீட்டுக்குச் சென்று பட்டியல் எடுக்க வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிக்கக் கேட்டு இன்னொன்று. ஆணையர் வரும் நாளில் நாணயம் தெரிந்த ஒருவரும் தராசும் கூட இருக்க ஏற்பாடு செய்யுங்கள். இல்லாவிட்டால் அறிக்கையில் “பழைய காசுகள், ஒரு டப்பா” என்றுதான் வரும்.